ஜெர்மானியப் பதக்கப் பட்டைகள்: சேகரிப்பும் அடையாளம் காணலும்

பதக்கப் பட்டை என்பது ஒரு படைவீரர் பெற்ற பதக்கங்களை எல்லாம் அவற்றின் ரிப்பன்களோடு வரிசையாகத் தைத்து, சீருடையின் இடது மார்பில் ஒரே ஊக்கினால் குத்திக்கொள்ளும்படி அமைத்த தொகுப்பு ஆகும். விழாக்களில் மட்டும் இது அணியப்பட்டது. அன்றாடச் சீருடையில் பதக்கங்கள் இல்லாமல் ரிப்பன் துண்டுகளை மட்டும் ஒரு சிறு பட்டையாக்கி அணிந்தனர். இதனை ரிப்பன் பட்டை என்பர். ஜெர்மன் மொழியில் முன்னது 'ஓர்டென்ஸ்ஷ்னாலெ' என்றும், பின்னது 'ஃபெல்ட்ஷ்பாங்கெ' என்றும் அழைக்கப்படுகிறது. 1871 முதல் 1945 வரை ஜெர்மனியில் உருவான இப்பட்டைகள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களாலும் அருங்காட்சியகங்களாலும் திரட்டப்படுகின்றன.

இவற்றைப் படிப்பது ஏன் கடினம் என்பதற்கு ஒரே காரணம் உண்டு. ஜெர்மானியப் பதக்கங்களில் பொதுவாகப் பெற்றவரின் பெயர் இருப்பதில்லை. முதல் உலகப் போருக்காகப் பிரித்தானிய அரசு வழங்கிய பதக்கங்களின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியச் சிப்பாய்கள் பெற்ற போர்ப் பதக்கங்களிலும் அவ்வாறே இருக்கும். தாத்தாவின் பதக்கம் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடைத்தால், பேரப்பிள்ளை அதைக் கொண்டே அவருடைய படைப்பிரிவைக் கண்டுபிடித்துவிடலாம். ஜெர்மானிய இரும்புச் சிலுவைக்கு அந்த வசதி இல்லை. முதல் உலகப் போரில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் இரண்டாம் வகுப்பைப் பெற்றனர். அவற்றில் ஒன்றைத் தனியே கையில் எடுத்தால் அது யாருடையது என்று சொல்ல வழியே கிடையாது.

ஆனால் அதே சிலுவை வேறு நான்கு பதக்கங்களோடு ஒரே பட்டையில் தைக்கப்பட்டிருந்தால் நிலைமை மாறிவிடும். எந்தெந்தப் பதக்கங்கள், எந்த வரிசையில், எந்த ரிப்பனில் என்பன சேர்ந்து ஒரு மனிதரின் வாழ்க்கைக் குறிப்பாகிவிடுகின்றன. பெயர் இல்லாத இடத்தில் இந்தச் சேர்க்கையே கையெழுத்து. ஆகவே பட்டையைப் பிரித்து, பதக்கங்களை ஒவ்வொன்றாக விற்பவர் அந்த மனிதரைப் பற்றிய கடைசிச் சான்றையும் அழித்துவிடுகிறார்.

இருபத்தைந்து அரசுகள்

இந்தச் சேர்க்கை இவ்வளவு செய்தி சொல்வதற்கு ஜெர்மானியப் பேரரசின் அமைப்பே காரணம். 1871-இல் ஒன்றிணைந்த பேரரசு 25 உறுப்பு நாடுகளைக் கொண்டிருந்தது. பிரசியா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் என்பன நான்கு முடியரசுகள். இவற்றுடன் 6 பெருங்கோமகன் நாடுகள், 5 கோமகன் நாடுகள், 7 சிற்றரசுகள், ஹாம்பர்க், பிரேமன், லூபெக் என்னும் 3 சுதந்திர நகரங்கள் ஆகியன அடங்கும். பேரரசர் ஒருவரே ஆயினும், விருது வழங்கும் உரிமையை இந்நாடுகள் விட்டுக்கொடுக்கவில்லை. நம் ஊர் மாவட்டம் ஒன்றைவிடச் சிறிய நாடுகள்கூடத் தமக்கெனத் தனிச் சிலுவையும் தனி ரிப்பனும் வைத்திருந்தன.

இவற்றுள் எல்லோரும் அறிந்தது பிரசியாவின் இரும்புச் சிலுவை. நெப்போலியனுக்கு எதிரான போரின்போது மூன்றாம் பிரெடரிக் வில்லியம் மன்னர் 1813 மார்ச் 10 என்ற நாளிட்டு இதனை நிறுவினார். அது காலஞ்சென்ற அரசி லூயிசாவின் பிறந்தநாள். கட்டடக் கலைஞர் கார்ல் பிரெடரிக் ஷிங்கல் இதன் வடிவமைப்போடு தொடர்புடையவர். தங்கமும் வெள்ளியும் போருக்குத் தேவைப்பட்ட காலத்தில் இரும்பையே பெருமைக்குரிய உலோகமாக்கியது இதன் சிறப்பு. பிறகு 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் போர் மூண்டபோதெல்லாம் இது புதுப்பிக்கப்பட்டது. போரிட்டவர்களுக்கான ரிப்பன் கறுப்பு. இரு ஓரங்களை ஒட்டி வெள்ளைக் கோடுகள் ஓடும். போர்முனைக்குச் செல்லாமல் பணியாற்றியவர்களுக்கு இதே வண்ணங்கள் தலைகீழாக, வெள்ளையில் கறுப்புக் கோடுகளாக அமைந்தன. முதல் வகுப்புச் சிலுவை ரிப்பன் இல்லாமல் நேரடியாக மார்பில் குத்தப்பட்டது. எனவே அதைப் பட்டையில் தேடிப் பயனில்லை. பட்டையில் இருப்பது இரண்டாம் வகுப்பு.

இரும்புச் சிலுவை எல்லா நாட்டு வீரர்களுக்கும் கிடைத்ததால் அதைக் கொண்டு ஊரை அறிய முடியாது. அதற்கு அடுத்து நிற்பதே ஊரைச் சொல்லும். வெள்ளை ரிப்பனில் கறுப்புக் கோடும் நீல விளிம்பும் இருந்தால் அது பவேரியாவின் படைத்துறைச் சேவை விருது. 1866-இல் இரண்டாம் லுட்விக் மன்னர் தொடங்கியது. மஞ்சளில் இளநீலக் கோடுகள் இருந்தால் சாக்சனியின் பிரெடரிக் அகஸ்ட் பதக்கம், 1905-இல் தொடங்கப்பட்டது. நீலத்தில் சிவப்பு விளிம்பு ஓல்டன்பர்க்கைக் குறிக்கும். இளநீலத்தின் ஓரங்களில் மஞ்சளும் சிவப்பும் இருந்தால் மெக்லென்பர்க்-ஷ்வெரின். மூன்று சுதந்திர நகரங்களும் 1915-இல் 'ஹன்சா சிலுவை' என்ற பெயரில் ஆளுக்கொரு சிலுவையை ஏற்படுத்தின. மூன்றின் ரிப்பனிலும் சிவப்பும் வெள்ளையுமே; கோடுகளின் அமைப்பில் மட்டுமே வேறுபாடு. புதிதாகச் சேகரிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் இது ஒன்று.

சில விருதுகள் ஊரோடு பதவியையும் சொல்லும. பவேரியாவில் அதிகாரிகளுக்கு 'ஓர்டன்' எனப்படும் உயர் விருதும், மற்றப் படைவீரர்களுக்கு அதே பெயரிலான எளிய சிலுவையும் வழங்கப்பட்டன. சாக்சனியின் பிரெடரிக் அகஸ்ட் பதக்கம் கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளியிலும் சிப்பாய்களுக்கு வெண்கலத்திலும் கிடைத்தது. போருக்குப் போனவர்கள் ஒரே பதுங்குகுழியில் கிடந்தாலும், பதக்கத்தின் உலோகம் அவர்களைப் பிரித்தே வைத்தது.

ஒரே படைப்பிரிவுக்குள்ளும் பல அரசுகள் கலந்திருந்ததுண்டு. துரிங்கியாவைச் சேர்ந்த 95-ஆம் காலாட்படைப் பிரிவின் அணிகள் கோத்தா, கோபர்க், ஹில்ட்பர்க்ஹவுசன் ஆகிய மூன்று ஊர்களில் இருந்தன. முதல் இரண்டும் ஒரு கோமகனுக்கும், மூன்றாவது மைனிங்கன் கோமகனுக்கும் உரியவை. இவ்விரு சிறு நாடுகளின் விருதுகளும் இரும்புச் சிலுவைக்குப் பின்னால் ஒரே பட்டையில் நின்றால், தேட வேண்டிய படைப்பிரிவுகள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும்.

பட்டை தைக்கப்பட்ட விதம்

பதக்கத்தை அரசு கொடுத்தது. பட்டையை வீரரே தம் செலவில் தைத்துக்கொண்டார். ஒவ்வொரு பெரிய ஊரிலும் இதற்கென்றே படைத்துறைப் பொருள் விற்கும் கடைகளும் தையற்காரர்களும் இருந்தனர். பெர்லினின் கோடே நிறுவனம் போன்ற புகழ்பெற்ற விருதுக் கடைகள் பட்டையின் பின்புறத்தில் தம் பெயர்ச்சீட்டை ஒட்டி அனுப்பின. அப்படி ஒரு சீட்டு கிழியாமல் கிடைத்தால், வீரர் எந்த ஊரில் வாழ்ந்தார் என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

அமைப்பு எளியது. அடியில் ஒரு தகரத் தகடு. அதன்மேல் ரிப்பன்கள் மடிக்கப்பட்டு, ஒன்றன் விளிம்பை மற்றொன்று சற்றே மூடும்படி அடுக்கித் தைக்கப்பட்டன. பின்புறம் கம்பளித் துணியால் மூடப்பட்டது. இது சாம்பல், சிவப்பு, கருநீலம் எனப் பல நிறங்களில் காணப்படுகிறது. அத்துணிக்கு மேலே ஓர் ஊக்கு. ஆஸ்திரியர்கள் ரிப்பனை முக்கோணமாக மடிப்பர். ஜெர்மானியர்கள் அப்படிச் செய்வதில்லை. ஆகவே ஆஸ்திரியப் பதக்கம் ஒன்று ஜெர்மானிய மடிப்பில் தைக்கப்பட்டிருந்தால், போர்க்காலத்தில் நட்பு நாட்டிடம் விருது பெற்ற ஜெர்மானியரை அது காட்டலாம். 1938-இல் ஆஸ்திரியா இணைக்கப்பட்ட பிறகு, தம் பழைய பதக்கங்களை ஜெர்மானிய முறையில் மாற்றித் தைத்துக்கொண்ட ஆஸ்திரியராகவும் அவர் இருக்கலாம். இரண்டில் எது என்பதை வரிசையில் உள்ள மற்றப் பதக்கங்களே சொல்ல வேண்டும்.

நாள் காட்டும் பதக்கங்கள்

பட்டையின் காலத்தைக் கணிக்க ஓர் எளிய விதி உண்டு. அதில் உள்ள பதக்கங்களில் எது கடைசியாக நிறுவப்பட்டதோ, அந்த ஆண்டுக்கு முன்னால் பட்டை தைக்கப்பட்டிருக்க முடியாது. இந்த வகையில் சில பதக்கங்கள் நாட்காட்டி போலவே பயன்படுகின்றன.

பிரான்சுடன் நடந்த போருக்கான 1870–71 நினைவுப் பதக்கம் கைப்பற்றிய பிரெஞ்சுப் பீரங்கிகளின் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. போரிடாத பணியாளர்களுக்கு அதே வடிவம் எஃகில் கிடைத்தது. பேரரசர் முதலாம் வில்லியமின் நூற்றாண்டை ஒட்டி 1897 மார்ச் 22 என்ற நாளுக்கு வழங்கப்பட்ட மஞ்சள் ரிப்பன் பதக்கம், அன்று படையில் இருந்தவர்களுக்கும் பழைய போர்களில் பங்கெடுத்தவர்களுக்கும் உரியது. முதல் உலகப் போரின் இரும்புச் சிலுவையோடு அது சேர்ந்திருந்தால், அந்த மனிதர் 1914-இல் இளைஞர் அல்லர்; நாற்பதை நெருங்கியவர் அல்லது கடந்தவர். பவேரியர்களிடம் இதற்கு ஈடாக இருப்பது இளவரசர் லூயிட்போல்டின் 1905-ஆம் ஆண்டுப் படைத்துறை விழாப் பதக்கம். சீனாவில் பாக்சர் கிளர்ச்சியை அடக்கச் சென்றவர்களுக்கு 1901-இல் தனிப் பதக்கம் நிறுவப்பட்டது. மஞ்சள் ரிப்பனின் ஓரங்களில் பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்பு வண்ணங்கள் இருப்பதால் அதைக் கண்டவுடன் சொல்லிவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவது 1934 ஜூலை 13 அன்று நிறுவப்பட்ட உலகப் போர் கௌரவச் சிலுவை. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் பெயரால் இதனை 'ஹிண்டன்பர்க் சிலுவை' என்றே பலரும் குறிப்பிடுவர். முதல் உலகப் போரில் பங்கெடுத்த எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். போர்முனையில் இருந்தவர்களின் சிலுவையில் குறுக்கு வாள்கள் உண்டு, மற்றவர்களுடையதில் இல்லை. ரிப்பன், இரும்புச் சிலுவையின் பழைய ரிப்பனின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தது போல இருக்கும். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்முனை வீரர்கள் இதைப் பெற்றதால், இது இடம்பெறாத முதல் உலகப் போர்ப் பட்டை பெரும்பாலும் 1934-க்கு முற்பட்டது எனலாம். 'பெரும்பாலும்' என்ற சொல் முக்கியம். விண்ணப்பிக்க மனமில்லாதவர்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிந்தியவை வேகமாக வருகின்றன. 1936 மார்ச்சில் நீண்ட சேவைப் பதக்கங்கள். நீல ரிப்பனில் சிறு கழுகு குத்தப்பட்டிருக்கும். 4, 12, 18, 25 ஆண்டுகளுக்குத் தனித்தனி வகுப்புகள். 1938-இல் ஆஸ்திரியாவையும் சுடேட்டன் பகுதியையும் எடுத்துக்கொண்டதற்கான பதக்கங்கள். 1939-இல் புது இரும்புச் சிலுவை. இதன் ரிப்பனில் நடுவே அகன்ற சிவப்பு, அதன் இருபுறமும் வெள்ளை, ஓரத்தில் கறுப்பு. முதல் போரிலேயே சிலுவை பெற்றவர் மீண்டும் தகுதி பெற்றால் புதுச் சிலுவை தரப்படவில்லை. பழைய ரிப்பனின்மேல் '1939' என்று பொறித்த கழுகுக் கொக்கி தரப்பட்டது. 1942 மே மாதம் கிழக்குப் போர்முனையின் முதல் பனிக்காலத்துக்கான பதக்கம் நிறுவப்பட்டது.

ஒரு பட்டையைப் படித்தல்

மாணவர்கள் பழகிப் பார்ப்பதற்காக இப்படி ஒரு பட்டையை எண்ணிக்கொள்ளலாம். பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து, அதாவது உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததை நோக்கி: 1914-இன் இரும்புச் சிலுவை, அதன் ரிப்பனில் 1939 கொக்கி, பவேரியச் சேவை விருதின் நான்காம் வகுப்பு, வாள்களுடன், ஹிண்டன்பர்க் சிலுவை, வாள்களுடன், 25 ஆண்டு, 12 ஆண்டு சேவைப் பதக்கங்கள், சுடேட்டன் பதக்கம், கடைசியில் ஹங்கேரியின் போர் நினைவுப் பதக்கம்.

பவேரிய விருதின் அந்த வகுப்பு அதிகாரிகளுக்கு உரியது. எனவே அவர் 1914–18 போரில் பவேரியப் படையின் அதிகாரி. வாள்கள் இருப்பதால் எதிரியின் முன் நின்றவர். 25 ஆண்டுச் சேவை நிறைந்திருப்பதால் முதல் போருக்கு முன்போ அதன் தொடக்கத்திலோ படையில் சேர்ந்து, அதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர். வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை ஒரு லட்சம் பேராகவும், அதிகாரிகளை நாலாயிரமாகவும் குறைத்தது. அந்த வடிகட்டலில் தங்கியவராகவோ, 1935-க்குப் பின் மீண்டும் அழைக்கப்பட்டவராகவோ இருக்கலாம். ஹங்கேரியப் பதக்கம் 1929-இல் நிறுவப்பட்டு, முன்னாள் நட்பு நாட்டு வீரர்களுக்கு விண்ணப்பத்தின் பேரில் கிடைத்தது. ஆகவே அதைக்கொண்டு அவர் ஹங்கேரியில் போரிட்டார் என்று முடிவு கட்டக்கூடாது. சுடேட்டன் பதக்கம் 1938-ஐயும் கொக்கி 1939-க்குப் பிந்திய ஒரு போர்க்களத்தையும் காட்டுகின்றன. அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். பட்டை கிழக்குப் போர்முனைப் பதக்கம் இல்லாமல் நின்றுவிடுகிறது. 1941–42 பனிக்காலத்தில் அவர் ரஷ்யாவில் இல்லை என்பதாலா, அதற்குப் பிறகு அவர் விழாவுக்குப் போகவே இல்லை என்பதாலா? பட்டை அதைச் சொல்லாது.

ரிப்பன் பட்டையும் பழைய புகைப்படமும்

பதக்கம் இல்லாத ரிப்பன் பட்டையைப் படிப்பது இன்னும் கடினம். சாக்சனியப் பதக்கம் வெள்ளியா வெண்கலமா என்பது அதில் தெரியாது. எனவே பதவியும் தெரியாது. சீனப் பதக்கம் வீரருடையதா பணியாளருடையதா என்பதும் தெரியாது. இக்குறையைப் போக்கவே ரிப்பனின்மேல் குட்டி வாள்கள், கிரீடம், கழுகு போன்ற உலோகச் சின்னங்கள் குத்தப்பட்டன. போர்க்காலத்தில் ஹோஹென்சோலர்ன் அரச குடும்ப விருது, இரும்புச் சிலுவையின் அதே கறுப்பு-வெள்ளை ரிப்பனிலேயே வாள்களோடு வழங்கப்பட்டது. இளநிலை அதிகாரிகள் பெறக்கூடிய மிக அரிய விருதுகளுள் அது ஒன்று. இரும்புச் சிலுவையோ ஐம்பது லட்சம் பேரிடம் இருந்தது. ரிப்பன் பட்டையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு விரல்நக அளவுச் சின்னம் மட்டுமே. மோசடிக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. சந்தையில் வரும் வாள் சின்னங்களில் எத்தனை பழையவை என்று ஐயுறுவதே நல்லது.

புகைப்படங்களிலும் ஒரு பொறி உள்ளது. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட தகடுகளுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. நீலம் மிகையாக உறைக்கும். அதனால் சிவப்பு கறுப்பாகவும், மஞ்சள் இருண்டும், நீலம் வெளிறியும் படத்தில் விழும். சாக்சனியின் மஞ்சளும் இளநீலமும் கலந்த ரிப்பன், படத்தில் கரிய ரிப்பனில் வெண்கோடு போலத் தோன்றி இரும்புச் சிலுவையை நினைவூட்டும். இதை அறியாமல் படத்தின் கீழே தவறான குறிப்பு எழுதியவர்கள் பலர்.

போலிகளைக் கண்டறிதல்

முழுப் போலிகளைவிட ஆபத்தானவை 'மேம்படுத்தப்பட்ட' பட்டைகள். உண்மையான பழைய பட்டையில் ஒரு சாதாரணப் பதக்கத்தைக் கழற்றிவிட்டு, விலை உயர்ந்த ஒன்றை அங்கே தைத்துவிடுவார்கள். ஒவ்வொரு உறுப்பும் அசல். சேர்க்கை மட்டும் பொய். இதனால் வாங்குபவரின் பணம் மட்டும் போவதில்லை. வாழ்ந்தே இராத ஒரு வீரர் வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறார்.

இதைப் பிடிக்க முதலில் உதவுவது வெறும் கண். எண்பது ஆண்டு ஒரே இடத்தில் தொங்கிய சிலுவை தன் பின்னால் உள்ள துணியில் தன் வடிவத்தை நிழலாகவோ துருக்கறையாகவோ பதித்திருக்கும். வட்டப் பதக்கத்துக்குப் பின்னால் சிலுவை நிழல் தெரிந்தால் மேலும் பேசத் தேவையில்லை. ரிப்பனின் வெளிப்பக்கம் வெளிறியிருக்க, மடிப்பின் உள்ளே வண்ணம் பளிச்சென்று இருப்பது இயல்பு. அடுத்தடுத்த ரிப்பன்கள் வெளிறிய அளவில் பெரிதும் வேறுபட்டால் கேள்வி எழுப்ப வேண்டும். பின்துணியில் பழைய ஊசித்துளைகள் வெறுமையாக இருப்பதும், ஓரிடத்தில் மட்டும் நூல் புதிதாக இருப்பதும் மறுதையலைக் காட்டும். ஆனால் மறுதையல் எல்லாம் மோசடி அல்ல. 1934-இல் ஹிண்டன்பர்க் சிலுவை வந்தபோது பழைய பட்டையைப் பிரித்து இடம் செய்துகொண்டவர்கள் உண்டு.

காந்தமும் பயன்படும். 1914-இன் இரும்புச் சிலுவை, வார்ப்பிரும்பு நடுப்பகுதியை இரு வெள்ளிச் சட்டங்களுக்கு இடையே வைத்துப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. நடுப்பகுதியைக் காந்தம் இழுக்கும். ஹிண்டன்பர்க் சிலுவையும் வெண்கலப் பூச்சிட்ட இரும்பே. புற ஊதா விளக்கு பலர் நம்பும் மற்றொரு கருவி. போருக்குப் பிந்திய துணிகளிலும் நூல்களிலும் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டிகள் அவ்வொளியில் நீலமாக ஒளிரும். ஆயினும் பழைய துணியை இக்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். ஒளிர்வதாலேயே போலி என்றோ, ஒளிராததாலேயே அசல் என்றோ தீர்ப்பளிப்பது அவசரம்.

பெயரைத் தேடும் பயணம்

சேர்க்கையைப் படித்து முடித்தபின் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது, வீரர் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்தது. பவேரியரானால் நம்பிக்கை உண்டு. மியூனிக் நகரின் போர் ஆவணக் காப்பகத்தில் முதல் உலகப் போரின் வீரர் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. சாக்சனி, வூர்ட்டம்பெர்க், பாடன் ஆகியவற்றின் படை ஆவணங்களும் கணிசமாகத் தப்பின. பேரரசின் மிகப் பெரிய படையான பிரசியப் படைக்குத்தான் பேரிழப்பு. அதன் ஆவணங்கள் போட்ஸ்டாம் நகரில் வைக்கப்பட்டிருந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு பிரித்தானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசியபோது அவற்றில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. போர் முடிய மூன்று வாரங்களே இருந்தன. பிரசியச் சிப்பாய் ஒருவரின் பட்டை இன்று பெயரற்றே நிற்பதற்கு அந்த ஓரிரவு முக்கியக் காரணம். அதிகாரிகளுக்கு மட்டும் ஆண்டுதோறும் அச்சிடப்பட்ட பதவிப் பட்டியல்கள் கைகொடுக்கின்றன. அவற்றில் ஒவ்வொருவர் பெயரோடும் விருதுகள் குறிகளாகத் தரப்பட்டுள்ளன. அரிய விருதுகள் இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரே பெயரில் போய் நிற்பதுண்டு.

பெயரே விருதான நிகழ்வும் ஒன்று உள்ளது. அது தமிழர் அறிந்த கப்பலைச் சேர்ந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய 'எம்டன்' கப்பல், அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி'யால் வீழ்த்தப்பட்டது. அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லருக்கு இரும்புச் சிலுவையும், பின்னர் 1918-இல் மிக உயர்ந்த 'பூர் லெ மெரிட்' விருதும் கிடைத்தன. போருக்குப் பின், அக்கப்பலில் பணிபுரிந்தவர்கள் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர். அது பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது. நம் பேச்சு வழக்கில் 'அவன் எம்டன்' என்றால் கெட்டிக்காரன், எமகாதகன். ஜெர்மனியில் அது பரம்பரைப் பெயர்.

சின்னமும் சட்டமும்

1933-க்குப் பிந்திய பல பதக்கங்களில் ஸ்வஸ்திகா உள்ளது. ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அச்சின்னத்தைப் பொதுவெளியில் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. ஆய்வு, கல்வி, வரலாற்று விளக்கம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அங்கு விற்பனைப் பட்டியல்களில் சின்னத்தின்மேல் ஒட்டுச்சீட்டு ஒட்டியிருப்பது இதனால்தான். 1957 ஜூலையில் மேற்கு ஜெர்மனி இயற்றிய சட்டம், முன்னாள் வீரர்கள் தம் விருதுகளை ஸ்வஸ்திகா நீக்கப்பட்ட வடிவில் அணிய அனுமதித்தது. 1939-இன் இரும்புச் சிலுவையில் அவ்விடத்தில் ஓக் இலைகள் வந்தன. இவ்வடிவப் பட்டைகளைப் போலி என ஒதுக்குபவர்கள் உண்டு. அவை போலி அல்ல, பிந்தியவை.

இந்தப் பொருட்களைத் திரட்டுபவர்களில் நாஜி ஆட்சிமீது மயக்கம் கொண்டவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. அத்தகையவர் கையில் பட்டை ஓர் அலங்காரம். ஆனால் அது எவருடையது என்று கேட்கத் தொடங்கினால், விடை அவர்கள் விரும்புகிற திசையில் மட்டும் போவதில்லை.

ஹிண்டன்பர்க் சிலுவையே அதற்குச் சான்று. அதன் மூன்றாவது வடிவம் கறுப்பு அரக்குப் பூச்சுடையது; போரில் இறந்தவர்களின் மனைவியருக்கும் பெற்றோருக்கும் வழங்கப்பட்டது. அச்சிலுவை வீரரின் பட்டையில் ஒருபோதும் இடம்பெறாது. தனியே, ரிப்பன் முடிச்சோடு, ஒரு பெண்ணின் உடையில் குத்தப்பட்டது. சந்தையில் அதற்கு அதிக மதிப்பு இல்லாமல் இருப்பது விந்தை.

முதல் உலகப் போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மானியப் படையில் பணிபுரிந்தனர். சுமார் 12,000 பேர் மாண்டனர். 1934-இல் சிலுவை அறிவிக்கப்பட்டபோது யூத வீரர்களும் விண்ணப்பித்தனர், அவர்களுக்கும் கிடைத்தது. அறிவிப்பு வந்த மூன்றே வாரங்களில் ஹிண்டன்பர்க் இறந்துவிட்டதால், சான்றிதழ்கள் 'தலைவரும் பிரதமருமானவரின் பெயரால்' என்ற வாசகத்தோடு, அதாவது ஹிட்லரின் பெயரால் அச்சிடப்பட்டன. உள்ளூர்க் காவல் அலுவலகங்கள் அவற்றைக் கையெழுத்திட்டு வழங்கின. 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் அருகே வான்சே மாளிகையில் நடந்த கூட்டத்தின் குறிப்பில், போரில் கடுமையாக ஊனமுற்ற யூதர்களும் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்ற யூதர்களும் தெரேசியன்ஸ்டாட்டுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. அங்கிருந்து பலர் அவுஷ்விட்சுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

பெர்லின் யூத அருங்காட்சியகத்துக்கு நாடு கடந்து வாழ்ந்த குடும்பங்கள் கொடுத்த பொருட்களில் இரும்புச் சிலுவைகளும் ஹிண்டன்பர்க் சிலுவைகளும் இருக்கின்றன. சிலுவையோடு சான்றிதழும் சேர்ந்து வந்திருந்தால், அங்கே பெயர் தெரிகிறது.